தெரிந்தும் சொல்லாத ஆறு வாரங்கள்

உங்கள் கேள்வியின் முதல் வரி பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது மாதிரி இருக்கிறது: "நிறுவன மாற்றத்தைக் கையாளும்போது எழும் அறச் சிக்கல்கள் என்னென்ன?" ஆனால் அதற்குக் கீழே விவரம் எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வந்தது அங்கேதான் இருக்கிறது. மறுசீரமைப்புக் குழுவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். உங்கள் டீமில் ஒருவர் வந்து, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். அவர் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் இருப்பது உங்களுக்குத் தெரியும். "வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். தெரிந்தவன் சொல்லாமல் இருந்தால் அது பொய்யா, அதில் என் பங்கு எவ்வளவு? இதுதான் கேள்வி. இதற்கே பதில் சொல்கிறேன். மற்றச் சிக்கல்கள் இதைச் சுற்றித் தாமாகவே வந்து சேரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மனிதவளத் துறையில் ஒன்பது வருடம் இருந்தேன், அப்புறம் வெளியிலிருந்து போகும் ஆலோசகராகப் பதின்மூன்று வருடம். நிறுவன இணைப்பு, கிளை மூடல், புது மென்பொருள் வந்து பாதிப் பேருக்கு வேலை இல்லாமல் போவது, நேரடி ஆட்குறைப்பு என்று எல்லாவற்றிலும் முடிவெடுப்பவர்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. நீங்கள் கையெழுத்திட்ட தாளுக்குச் சட்டத்தில் எவ்வளவு வலு என்பதை உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். மாற்றம் தேவையா என்பது ஒரு கேள்வி, அதை எப்படிச் செய்கிறோம் என்பது வேறு கேள்வி. ஆர்டர் பாதியாகக் குறைந்துபோன ஒரு பிரிவை மூடுவதில் அறக்கேடு எதுவும் இல்லை. மூடாமல் இழுத்தடித்து மற்ற எல்லோர் வேலைக்கும் உலை வைப்பது அதைவிடப் பெரிய தவறு. உங்கள் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்காமல் அந்த முடிவு நியாயமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் 'எப்படி' என்பதைப் பற்றியே பேசிப் பேசி 'ஏன்' என்பதை மறக்கடிப்பதில் கெட்டிக்காரர்கள், இதை ஞாபகத்தில் வையுங்கள். நல்ல லாபம் வந்த ஒரு வருடத்தில், அடுத்த காலாண்டுக் கணக்கு இன்னும் பளபளப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் நடந்த ஓர் ஆட்குறைப்புக்குக் கண்ணியமான கடிதங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதங்கள் என்னவோ கண்ணியமாகத்தான் இருந்தன. குழுவில் உட்கார்ந்திருக்கும் உங்களால் 'ஏன்' என்று இப்போது கேட்க முடியும். அறிவிப்பு வந்தபின் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சரி, ரகசியத்துக்கு வருகிறேன். ரகசியம் காப்பதும் பொய் சொல்வதும் ஒன்றில்லை. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மருத்துவரும் நீதிபதியும் தினமும் ரகசியம் காக்கிறார்கள். ஆட்குறைப்பிலும் அதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமானால், பங்கு விலையைப் பாதிக்கும் செய்தியை முன்கூட்டியே சிலருக்கு மட்டும் சொல்வது பல நாடுகளில் குற்றம். பட்டியலே இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போது ஒருவரிடம் போய் "உன் பெயர் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் "இல்லை, எடுத்துவிட்டார்கள்" என்று சொல்வது கொடுமை. ஆனால் நான் உட்கார்ந்த கூட்டங்களில் ரகசியத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் பாதிக்குமேல் இந்த வகை இல்லை. "முன்னாலேயே சொன்னால் நல்ல ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்." "அந்த ப்ராஜெக்ட் முடியும்வரை அவர்கள் தேவை." அதாவது ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கத் தேவையான செய்தியை மறைத்து, அந்த மறைப்பால் அவரிடமிருந்து வேலை வாங்குவது. மௌனத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். லாபம் முழுக்க மேலே போய் நஷ்டம் முழுக்கக் கீழே விழுகிறது என்றால், அந்த ரகசியத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கலாம், மனச்சாட்சியை அடகு வைக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் எல்லாவற்றையும் உடனே சொல்லிவிட வேண்டியதுதானே" என்பார்கள். அதுவும் அவ்வளவு எளிதில்லை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் 2 என்ற பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் இருந்தவர்களில் ஒரு துறையினருக்கு, தங்கள் துறை தனியார்வசம் போகப்போகிறது என்று தெரியவந்தது. 1995ல் வெளியான முடிவின்படி, யாருக்கும் வேலை போவதற்கு முன்பே, என்ன ஆகுமோ என்று காத்திருந்த கட்டத்திலேயே, அவர்கள் தாங்களே சொன்ன உடல்நிலை மற்றத் துறையினரை ஒப்பிடும்போது மோசமாகியிருந்தது. இதை இரண்டு பக்கமும் படிக்கலாம். காத்திருப்பே நோய் என்பதால், வதந்தி கிளம்பியபின் வாயை மூடிக்கொண்டிருப்பது யாரையும் காப்பாற்றவில்லை. அதேபோல், எதுவும் முடிவாகாத நிலையில் "ஏதோ வரப்போகிறது" என்று மட்டும் அறிவித்துவிட்டு நான்கு மாதம் தொங்கவிடுவதும் அதே நோய்தான். ஆகவே என் கணக்கில் முக்கியமானது, மேலே முடிவானதற்கும் கீழே தெரிவதற்கும் நடுவில் உள்ள தூரம். அதில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கடன் வாங்குகிறார், வேறு வேலையை வேண்டாம் என்கிறார், பிள்ளையைப் பெரிய பள்ளியில் சேர்க்கிறார். குழுவில் நீங்கள் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம், ஆறு வாரம் ஏன் மூன்று வாரமாகக் கூடாது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பது. கேட்டால் எரிச்சல்படுவார்கள். நான் கேட்ட இடங்களில் சில தடவை தேதி முன்னால் வந்திருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலும் அந்தத் தேதியை யாரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு பெரிய கூட்டம் நடக்கும் நாளாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் டீம்காரர். "வாழ்த்துகள்" என்று சொன்னது பொய்யா? நான் அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பொய்யின் வேலையை அது செய்துவிட்டது. மேலாளர் சிரித்துக்கொண்டு வாழ்த்தினால், "இவருக்கு எதுவும் தெரியாது, ஆகவே எனக்கு ஆபத்தில்லை" என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை. ஒப்புக்கொண்ட ரகசியத்தைச் சைகையால்கூட உடைக்கக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நேர்மையானவர்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். என் பழக்கம் இது: நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும், எனக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரே பதில்தான். "இந்த மாதிரி கேள்விக்கு நான் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பெரிய பணம் போடுவதாக இருந்தால், ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்." பட்டியலில் இருப்பவருக்கும் இதே பதில், இல்லாதவருக்கும் இதே பதில். எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதால் இதில் எதுவும் கசியவில்லை, பொய்யும் இல்லை. நெருக்கடி வந்தபின் இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது இதிலுள்ள பலவீனம். நேற்றுவரை கலகலப்பாகப் பேசியவர் இன்று திடீரென்று வழக்கறிஞர் போலப் பேசினால் அதுவே செய்தி. ஆனாலும் "இல்லை, அப்படி எதுவும் கிடையாது" என்ற வாக்கியம் மட்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நம்பியவர்கள் ஆட்குறைப்பைக்கூட மன்னிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாக்கியத்தை யாரும் மன்னித்ததில்லை.

சட்டம் இதில் எங்கே வருகிறது? பெரிய அளவு ஆட்குறைப்புக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்று பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1988ல் வந்த சட்டம், பொதுவாக 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 60 நாள் முன்பு சொல்ல வேண்டும் என்கிறது. பிரிட்டனில் ஒரே இடத்தில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை இழக்கும் நிலை வந்தால், முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 45 நாள் முன்பே கலந்தாலோசனை தொடங்க வேண்டும். இவை அடித்தளம், கூரை இல்லை. அந்த அடித்தளத்தையும் பேர்த்தெடுத்த ஒரு சம்பவம் 2022 மார்ச் 17 அன்று நடந்தது. பி அண்ட் ஓ ஃபெர்ரிஸ் என்ற பிரிட்டிஷ் படகுப் போக்குவரத்து நிறுவனம் ஏறக்குறைய 800 கப்பல் ஊழியர்களை முன்னறிவிப்பில்லாமல் நீக்கியது. பலருக்கு, முன்பே பதிவுசெய்த ஒரு காணொளி வழியாகத்தான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழுவின் முன் வந்த தலைமை நிர்வாகி, தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிக்கச் சட்டம் சொல்கிறது என்பது தெரிந்தேதான் அப்படிச் செய்யவில்லை, எந்தச் சங்கமும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்காது என்று சொன்னார். பதிலுக்கு இழப்பீடு கொடுத்தோம் என்றார்கள். இந்த விவகாரத்தில் என்னை உறுத்துவது அந்த இழப்பீடுதான். கலந்துபேசும் உரிமைக்கு ஒரு விலை போட்டு, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமலே வாங்கிவிட்டார்கள். உங்கள் குழுவில் யாராவது "அபராதம் கட்டினாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று பேச ஆரம்பித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம்: கேட்பது போல் நடிப்பது. முடிவு எல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் கருத்துக்கணிப்பு, சிறு குழு உரையாடல், சுவரில் வண்ணக் காகிதம் ஒட்டும் பட்டறை. 1948ல் வெளியான ஒரு பழைய ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் படிப்பது. வர்ஜீனியாவில் ஹார்வுட் என்ற இரவு உடை தைக்கும் ஆலையில், வேலைமுறையை மாற்றும்போது கோச், ஃப்ரெஞ்ச் என்ற இருவர் தொழிலாளர்களை வெவ்வேறு விதமாக நடத்திப் பார்த்தார்கள். மாற்றத்தைச் சும்மா அறிவித்துவிட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள், உற்பத்தி மீளவே இல்லை. எல்லோரும் சேர்ந்து புதுமுறையை வடிவமைத்த குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி பழைய அளவையும் தாண்டி ஏறக்குறைய 14 விழுக்காடு கூடியது. குழுக்கள் சிறியவை, இதை ஞாபகத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதேபோல் செய்து பார்த்தபோது உற்பத்தியில் அந்த வித்தியாசம் வரவில்லை. கலந்துகொள்வது முறையானது என்று தொழிலாளர்கள் நினைக்கிறார்களா, கேட்கப்படும் விஷயம் அவர்கள் வேலைக்கு முக்கியமானதா என்பதைப் பொறுத்தே பலன் என்று விளக்கம் சொன்னார்கள். அதாவது ஓரத்து விஷயத்தைக் கொடுத்துவிட்டு நடு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் ஜனங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

பங்கேற்பு பலன் தரும் என்று தெரிந்ததும் அது ஒரு கருவி ஆகிவிட்டது. கருவி ஆனதும் போலியும் வந்துவிட்டது. 1979ல் கோட்டர், ஷ்லெசிங்கர் என்ற இருவர் எழுதிய, மேலாண்மை மாணவர்கள் இன்றும் படிக்கும் ஒரு கட்டுரை, எதிர்ப்பைச் சமாளிக்க ஆறு வழிகளை அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. விளக்கிச் சொல்வது, பங்கேற்க வைப்பது, உதவுவது, பேரம் பேசுவது என்று ஆரம்பித்து, தந்திரமாகத் திருப்புவது, கட்டாயப்படுத்துவது என்று முடிகிறது. அட்டவணையில் எல்லாம் ஒரே அளவு எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தந்திரம் வெளியே தெரிந்தால் பின்னால் பிரச்சினை வரும் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஆனால் அதை ஒரு நடைமுறை நஷ்டமாகத்தான் சொல்கிறது. ஏமாற்றப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு வேறு. என் வாடிக்கையாளர்களிடம் நான் வைக்கும் நிபந்தனை, ஊழியர் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று பட்டியல் சொல்ல வேண்டும்: முடிவாகிவிட்டது எது, பாதி முடிவானது எது, உண்மையிலேயே உங்கள் கையில் இருப்பது எது. மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால் கூட்டத்துக்கு 'கருத்துக் கேட்பு' என்று பெயர் வைக்கக் கூடாது. 'அறிவிப்பு' என்று வையுங்கள். வருபவர்கள் திட்டுவார்கள், ஆனால் ஏமாந்து போக மாட்டார்கள்.

இந்தக் கோபம் எனக்குச் சும்மா வரவில்லை. பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தில் ஊழியர் கருத்துக்கணிப்பு எடுத்துக் கொடுத்தேன். பெயர் வராது, யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று என் வாயால் வாக்குக் கொடுத்தேன். பெயர் வரவில்லைதான். அறிக்கை கொடுத்தபின் தலைமையிலிருந்து ஒரு சின்ன வேண்டுகோள் வந்தது: 'மாற்றத்தை ஏற்கும் மனநிலை' என்ற பகுதியை மட்டும் பிரிவு வாரியாகப் பிரித்துத் தர முடியுமா? சாதாரணமாகத்தான் தோன்றியது. கொடுத்துவிட்டேன். அதில் ஒரு பிரிவில் மொத்தமே ஐந்து பேர். இரண்டு மாதம் கழித்து ஆட்குறைப்புப் பட்டியல் வந்தபோது அந்த ஐவரில் நான்கு பேர் அதில் இருந்தார்கள். என் அட்டவணையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில்தான் மனம் திறந்து எழுதியிருந்தார்கள். நான் ஒருவரையும் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை, அதனால் என்ன? 1983லேயே ஒயிட், வூட்டன் என்ற இருவர் எங்கள் தொழிலில் நடக்கும் தவறுகளை வகைப்படுத்தியபோது, திரட்டிய தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதைத் தனி வகையாக வைத்தார்கள். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தவன் செய்த தவறு அது. அதற்குப் பிறகு பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் குழுவுக்கும் தனி எண் தருவதில்லை. தனி ஆட்களைப் பற்றிய முடிவுக்கு இந்தத் தகவல் பயன்படாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறேன். உங்கள் நிறுவனத்தில் சமீபத்தில் அப்படி ஏதாவது கணிப்பு நடந்திருந்தால், அது எங்கே போகிறது என்று கேளுங்கள்.

அதோடு ஒட்டிய இன்னொன்று, 'எதிர்ப்பாளர்' என்ற முத்திரை. புது முறையில் ஓட்டை இருக்கிறது என்று சொல்பவரை, மாற்றத்துக்குப் பயப்படுபவர் என்று ஒதுக்குவது வெகு சுலபம். நான் பார்த்தவரையில் அதிகமாக முனகுபவர்களில் பாதிப் பேர் அந்த வேலையை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர்கள். மீதிப் பாதி சும்மா முனகுபவர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

பயம் காட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. மாற்றத்தை விற்பவர்கள் 'எரியும் மேடை' என்று ஓர் உவமை சொல்வார்கள். 1988ல் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்த விபத்திலிருந்து வந்தது அது; அங்கேயே நின்றால் சாவு நிச்சயம் என்பதால் குளிர்ந்த கடலில் குதித்து உயிர் பிழைத்தவரின் கதை. உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால் சொல்லத்தான் வேண்டும். பிடிக்காத தீயைப் பிடித்ததாகக் காட்டி ஆட்களைக் குதிக்க வைப்பது வேறு. அதேபோல் "70 விழுக்காடு மாற்ற முயற்சிகள் தோற்கின்றன" என்ற எண்ணை உங்கள் ஆலோசகர்கள் முதல் நாளே காட்டியிருப்பார்கள். மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2011ல் அந்த எண்ணின் வேரைத் தேடிப்போய், அதற்கு நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். நானே அந்த எண்ணைப் பல வருடம் ஸ்லைடில் போட்டிருக்கிறேன். நல்ல வியாபாரம் ஆனது.

எல்லாவற்றையும்விட நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டியது, நீக்காமலே நீக்கும் வழிக்கு. பிரான்ஸ் டெலிகாம் வழக்கு இதில் ஒரு எல்லைக்கல். முன்பு அரசுத் துறையாக இருந்த அந்த நிறுவனத்தில் பெரும்பாலானோர் அரசு ஊழியர் அந்தஸ்து உள்ளவர்கள், எளிதில் நீக்க முடியாது. 2006 முதல் 2008க்குள் 22,000 பேர் வெளியேற வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மூத்த மேலாளர்கள் கூட்டம் ஒன்றில் தலைமை நிர்வாகி தீதியே லொம்பார், கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ ஆட்கள் வெளியேறத்தான் போகிறார்கள் என்ற பொருளில் பேசியது பிறகு பதிவுகளில் வெளிவந்தது. ஊரைவிட்டு ஊர் இடமாற்றம், தெரியாத வேலையில் போடுதல், வேலையே கொடுக்காமல் உட்கார வைத்தல். வெளியேறும் எண்ணிக்கையோடு மேலாளர்களின் ஊக்கத்தொகையும் இணைந்திருந்தது. பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். வழக்கில் விரிவாக ஆராயப்பட்ட 39 பேரில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், 12 பேர் முயன்று பிழைத்தவர்கள். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதமும், லொம்பார் உள்ளிட்ட அதிகாரிகளுக்குத் தண்டனையும் விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, குற்றம் உறுதியானது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் உச்சமட்ட நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒரு தனி அதிகாரி ஒரு தனி ஊழியரைத் துன்புறுத்தினால்தான் குற்றம் என்றில்லை. நிறுவனத்தின் கொள்கையே துன்புறுத்தலாக இருக்க முடியும் என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் சாரம். பிரெஞ்சுச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கூட்டத்தில் "தாங்களாகவே போகும் விகிதத்தைக் கொஞ்சம் கூட்டலாம்" என்று யாராவது சொன்னால், அந்த வாக்கியத்துக்கு எந்த வரலாறு இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். எப்படிக் கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பல யோசனைகள் அங்கேயே செத்துவிடும்.

சொல்லும் விதத்தால் ஏதாவது மாறுமா என்றால், மாறும். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 விழுக்காடு சம்பளம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து ஒன்றரை மணி நேரம் காரணத்தை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு இடத்திலும் ஊழியர்கள் ஆலைப் பொருட்களைத் திருடுவது கூடியது. ஆனால் கால் மணி நேர ஆலையில் அது மிக அதிகம். இதை எங்கள் ஆட்கள் பாராட்டிப் பாராட்டிச் சொல்வோம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. சம்பளத்தை வெட்டினாலும் ஒன்றரை மணி நேரம் பரிவு காட்டினால் போதும் என்று இதைப் படிக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். விளக்கம் சொல்வது அவருக்குச் சேர வேண்டிய கடன் என்பதால் சொல்லுங்கள். திருட்டு குறையும் என்பதற்காக என்றால், குறையாத இடத்தில் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள்.

மிஞ்சி இருப்பவர்களையும் யாராவது நினைக்க வேண்டும். பின்லாந்தில் பத்து நகராட்சிகளின் ஊழியர்கள் 22,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து 2004ல் வெளியான ஆய்வில், பெரிய ஆட்குறைப்பு நடந்த இடங்களில் வேலையில் தொடர்ந்தவர்களிடையே இதய, ரத்தநாள நோய் மரணம், ஆட்குறைப்பு இல்லாத இடங்களைவிட இரண்டு மடங்காக இருந்தது. இது சோதனை அல்ல, கவனிப்பு; பொருளாதார நெருக்கடியும் அதே காலத்தில் இருந்தது. காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'தப்பித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்' என்ற பேச்சை நம்ப வேண்டாம் என்பதற்கு இது போதும். போகிறவர்களுக்குச் செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. நோக்கியா 2008ல் ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆலையை மூடிய விதத்துக்கு ஊரே எதிர்த்துக் கிளம்பியது. 2011ல் அதைவிடப் பெரிய ஆட்குறைப்பு வந்தபோது, 13 நாடுகளில் ஏறக்குறைய 18,000 பேருக்கு வேறு வேலை தேட, படிக்க, சொந்தத் தொழில் தொடங்கப் பணமும் நேரமும் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தினார்கள். எல்லோருக்கும் விடிந்துவிடவில்லை. ஆனால் விலகும் நாளிலேயே சுமார் 60 விழுக்காட்டினருக்கு அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. உங்கள் குழுவின் செலவுத் திட்டத்தில் ஆலோசகர் கட்டணம் எவ்வளவு, போகிறவர்களுக்கு எவ்வளவு என்று இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டீர்கள். பட்டியலை நீங்கள் போடவில்லை, ஆனால் அந்த அறையில் இருக்கிறீர்கள். அறையைவிட்டு வெளியேறுவது சில சமயம் சரி. பொய் சொல்லச் சொன்னால், ஆளை விரட்டச் சொன்னால், வெளியேறிவிடுங்கள். அதுவரை உள்ளே இருந்து நச்சரிப்பவர் ஒருவர் தேவை. அந்த வேலை செய்தால் உங்களுக்குக் கெட்ட பெயர் வரும், அடுத்த குழுவில் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழுத் தலைவரிடம் தனியாகப் போய், பட்டியலில் உள்ள ஒருவர் பெரிய கடனில் கையெழுத்திடப் போகிறார், அவருக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்ல அனுமதி வேண்டும், அல்லது தேதியை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்டபோது ஒருமுறை அனுமதி கிடைத்தது, ஒருமுறை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால், ஆறு மாதச் சம்பளக் கணக்கைப் பற்றிய அந்தப் பதிலை அவரிடம் போய்ச் சொல்லுங்கள். போனமுறை வாழ்த்தியபோது சொல்ல மறந்துவிட்டேன் என்று ஆரம்பிக்கலாம். அதற்கு முன், வங்கியில் அவர் கையெழுத்திடும் நாள் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்கு முன்பா பின்பா என்பது தெரியாமல் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.